வெள்ளைப் பொடிக்குப் பத்தியம்

என் அப்பாவின் வயிற்றை நான் பார்த்திருக்கிறேன். மேல் வயிற்றை அல்ல, உள்ளே சோறு போய்த் தங்குகிற வயிற்றை. கண்ணாடித் தகடு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து டாக்டர் காட்டினார். அந்தத் தகடு சொன்னதைக் கேட்டிருந்தால் அப்பா இன்னும் சில வருஷமாவது இருந்திருப்பார். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகையும் வரும், ஆத்திரமும் வரும். எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. எனக்குக் கல்யாணமாகிப் பாளையங்கோட்டையில் குடித்தனம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பா சீவலப்பேரியில் தனியாக இருந்தார். நான் தவழுகிற வயசிலேயே அம்மா போய்விட்டாள். மறுகல்யாணம் பேச ஆள் மேல் ஆள் வந்தும் அப்பா மசியவில்லை. எனக்குச் சோறு ஊட்டினது, காது குத்த மடியில் வைத்துக்கொண்டது, தலை பின்னிவிட்டது எல்லாம் அவர்தான். பின்னல் எப்போதும் கோணலாக இருக்கும். கேட்டால், "தலை கோணலா இருந்தா பின்னல் என்ன செய்யும்?" என்பார்.

ஆற்றுப் பாசனத்தில் இருந்த கொஞ்சம் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். தொழிலாக அல்ல, பித்தாக. உலோகத்தை மூலிகைச் சாறு விட்டு நாள் கணக்காக அரைத்து, மண் அகலில் அடைத்து, எருவைக் குவித்து எரித்தால் கடைசியில் வெள்ளை வெளேரென்று ஒரு சாம்பல் கிடைக்கும். அதுதான் பற்பம். அதைத் தேனிலோ நெய்யிலோ குழைத்துக் கொடுப்பார். ஊரில் நாலு பேர் அதைச் சாப்பிட்டுப் பிழைத்தார்கள், நாலு பேர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களைப் பற்றி மட்டும் அப்பா பேசுவார். தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்று ஆரம்பித்தால், நாலாவது காலை நாம் கையில் பிடித்துக் காட்டினாலும், "அது வாலு" என்று சொல்லிவிடக்கூடிய மனுஷர்.

அந்த ஐப்பசி மழையில் அவருக்கு வாந்தி ஆரம்பித்தது. மத்தியானம் தின்றது சாயங்காலம் அப்படியே வரும். சில நாள் முந்தின தினம் தின்ற கீரை கூட வரும். தன் மருந்துகளையெல்லாம் தனக்கே கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கன்னம் ஒட்டி, வேட்டியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றிக் கட்டியிருந்தார். 

பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் அப்போதுதான் உடம்புக்குள்ளே பார்க்கிற பெட்டி வந்திருந்தது. என் வீட்டுக்காரர் அப்பாவிடம் வைத்தியம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. கெட்டிக்காரர். "மாமா, அப்படி ஒரு பெட்டி இருக்கு, பாக்கணும்னா வாங்க" என்று மட்டும் சொன்னார். அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏளா, பெட்டியப் பாக்கதுக்குத்தான் வாரேன். மருந்து கிருந்துன்னு ஆரம்பிச்சா எந்திரிச்சு வந்திருவேன், ஆமா."

டாக்டர் வெள்ளைக்காரர். வேதப் புஸ்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர் போலிருக்கிறது. "ஐயா, நீர் கடைசியாக எப்பொழுது புசித்தீர்?" என்று கேட்டார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மனுசன் ஏட்டுல உள்ள மாதிரியே பேசுதாருளா" என்று என் காதில் சொன்னார். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த டாக்டர்மேல் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் பொங்கின கஞ்சியை அப்பா தொடமாட்டார் என்பதால், வீட்டிலிருந்தே குழையக் காய்ச்சின கஞ்சியும் தயிரும் நான் கொண்டுபோனேன். டாக்டர் ஒரு ஜாடியைத் திறந்து வெள்ளைப் பொடியை அதில் கொட்டிக் கலக்கினார். கொஞ்சநஞ்சமல்ல, கை நிறைய. கலக்கும்போதே அப்பாவுக்கு விளக்கமும் சொன்னார்.

"ஐயா, வயிறு மெல்லிய தோல். எங்கள் ஒளி அதை ஊடுருவிப் போய்விடும், ஆகையால் எலும்பைப் போல அது தெரிவதில்லை. இந்தப் பொடியோ கனமுள்ளது. இது உள்ளே நிறைந்திருக்கும்போது ஒளியை மறிக்கும். அப்பொழுது உமது வயிற்றின் ரூபத்தைக் காண்போம். இது ஔஷதம் அல்ல. காண்பதற்காகவே கொடுக்கிறோம்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அப்பாவும் கேட்டார். கேட்டுக்கொண்டே ஜாடிக்குள் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். பற்பம் சரியாக முடிந்திருக்கிறதா என்று பார்க்க வைத்தியர்கள் செய்கிற சோதனை அது. விரல் ரேகைக்குள் பொடி போய்ப் படிய வேண்டும். படியாவிட்டால் மருந்து கச்சா. அப்பா விரலை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். ரேகை ரேகையாக வெள்ளை படிந்திருந்தது.

"பாத்தியா? ரேகை பாயுது. நம்ம ஆளுகளே இம்புட்டு நைசா முடிக்க மாட்டானுவ. தயிருல குடுக்காரு பாரு, அதுவும் சரிதான். உஷ்ணத்துக்குத் தயிருதான் கண்டது."

"அப்பா, மருந்து இல்லைன்னுல்லா டாக்டர் சொல்லுதாரு."

"எந்த வைத்தியன்ளா தன் சரக்கை இன்னதுன்னு வெளியச் சொல்லுவான்?"

கிழக்கே பார்த்து நின்று, திருநீறு பூசி, கண்ணை மூடி எதையோ சொல்லிவிட்டுக் கிண்ணத்தை ஒரே மூச்சில் குடித்தார். சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர், பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர், அப்பா கும்பிட்டதைப் பார்த்து மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் அப்போது அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி போட்ட அறை. கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பச்சை வெளிச்சம். படபடவென்று சத்தம், இடி விழுந்த இடத்து வாசனை. அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். காலையில் ஒரு தகடு எடுத்தார்கள். சாயங்காலம் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருக்கச் சொல்லி இன்னொரு தகடு எடுத்தார்கள். அதைக் கழுவிக் காயவைத்த பிறகு, டாக்டர் எங்கள் மூவரையும் கூப்பிட்டு ஜன்னலருகே நிறுத்தினார்.

கறுப்புக்கு நடுவே வெள்ளையாகச் சுரைக்காய் மாதிரி ஒன்று தொங்கியது. அதுதான் அப்பாவின் வயிறு. அதன் அடியில் ஒரு மூலையைக் காட்டினார் டாக்டர். வயிற்றிலிருந்து குடலுக்குப் போகிற வாசல் அங்கே இருக்கிறது, சாயங்காலத்துக்குள் பொடியெல்லாம் அந்த வழியாக இறங்கிப் போயிருக்க வேண்டும், காலையில் குடித்தது இன்னும் அங்கேயே நிற்கிறது, ஆகையால் வாசல் அடைத்துக்கொண்டு வருகிறது என்றார். முழுக்க அடைப்பதற்கு முன் வயிற்றைத் திறந்து, குடலை வேறொரு இடத்தில் சேர்த்துத் தைத்துவிட்டால் சோறு இறங்கும். உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது, தாமதிக்கக் கூடாது. பொடி இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்றும் சொன்னார்.

அப்பா தகட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மாப்ளே, இங்கன பாருங்க. நோய் எங்கன இருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு?"

"அந்த மூலையில, மாமா."

"மருந்து எங்கன நிக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் அப்பாவே விரலை அங்கே வைத்தார்.

"அதே மூலையில. வேற எங்கயும் போகலை. நோய் இருக்க எடத்தைத் தேடிப் போயி நிக்கு பாத்தீங்களா! நான் இத்தனை வருசமா மருந்து குடுக்கேன், அது போயி நிக்கதைக் கண்ணால பாத்தது இன்னைக்குத்தான்."

ஒரே தகடு. டாக்டர் அதில் ஆபத்தைப் பார்த்தார், அப்பா குணத்தைப் பார்த்தார். டாக்டர் தன் வேதத் தமிழில் மறுபடியும் மறுபடியும் சொன்னார். என் வீட்டுக்காரர் சொன்னார். நான் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தினேன். அப்பா எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். பற்பம் உள்ளே போய்விட்டது, இனி ஒரு மண்டலம் பத்தியம் இருக்க வேண்டும். ஒரு மருந்து உடம்பில் ஓடும்போது கத்தி வைத்தால் மருந்தே விஷமாகும். மண்டலம் கழியட்டும், பிறகு பார்ப்போம். டாக்டரின் கையைப் பிடித்து, "நல்ல சரக்கு, டாக்டரே" என்று பாராட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

சீவலப்பேரிக்குப் போய்ப் பத்தியத்தில் உட்கார்ந்தார். உப்பு கிடையாது, புளி கிடையாது, எண்ணெய் கிடையாது, காய்கறி கிடையாது. வேளைக்குக் கொஞ்சம் குழைந்த கஞ்சி, மோர். இந்த மாதிரி விஷயங்களில் அவரை அசைக்க முடியாது. கொஞ்ச நாளில் எனக்குச் சொல்லி அனுப்பினார். பதறிக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

வாந்தி நின்றுபோயிருந்தது. வலியும் குறைந்திருந்தது. காலையில் ஆற்றுக்கு நடந்துபோய்க் குளித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். முகத்தில் ஒரு தெளிவு கூட இருந்தது. எப்படி என்று டாக்டர் பிற்பாடு எங்களுக்கு விளங்கச் சொன்னார். வாசல் சிறுத்திருந்தாலும் தண்ணீராக இருக்கிற கஞ்சி அதில் இறங்கிவிடும், சோறுதான் இறங்காது. அந்தப் பொடிக்கும் புண்ணை ஆற்றுகிற குணம் கொஞ்சம் உண்டாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் விழுந்த பழத்தை அப்பா காக்கையின் கணக்கில் எழுதிவிட்டார். எனக்கும் அன்று சந்தோஷம்தான். ஒருவேளை அப்பா சொன்னது சரியாக இருக்குமோ என்று வண்டியில் திரும்பும்போது நினைத்தேன். அப்பா நன்றாக இருக்கிறார் என்றால் யார் ஜெயித்தால் என்ன?

டாக்டர் விடவில்லை. டிரெஸ்ஸரைச் சீவலப்பேரிக்கே அனுப்பினார். நான் அப்போது அங்கே இருந்தேன். அவர் நடையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, அது மருந்தே இல்ல. நீங்க குடிச்சது ரெண்டு மூணு நாள்ல வெளிய போயிருக்கும். இப்பம் உள்ள ஒண்ணுமே கிடையாது."

"போனது சக்கை. சத்து நிக்கும்லா?"

"அண்ணாச்சி, கஞ்சி எறங்குதேன்னு இருக்காதீங்க. நாளைக்கு அதுவும் எறங்காது. டாக்டர் கெஞ்சிச் சொல்லுதாரு."

"வே, பாதிப் பத்தியத்துல எந்திரிக்கச் சொல்லுதீரு. உங்க வேதத்துல விரதத்தைப் பாதியில முறிக்கச் சொல்லிருக்கா?"

டிரெஸ்ஸர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? மோர் கொடுத்து அனுப்பினேன். அப்பாவோடு அன்று சண்டை போட்டேன். தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலை வாயில் வைக்காமல் எங்களுக்குப் பரிமாறினார். மண்டலம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் மூட்டை கட்டினேன். அப்போதுதான் அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார். பற்பத்துக்கு மறுபத்தியம் உண்டாம். எத்தனை நாள் பத்தியம் இருந்தோமோ அத்தனை நாள் மறுபடியும் இருந்தால்தான் மருந்து உடம்பில் சேருமாம். வைத்திய நூல் அப்படித்தான் சொல்லுகிறது. அதை நான் பொய்யென்று சொல்ல முடியாது. பற்பம் சாப்பிட்டவனுக்கு அது சரியான விதிதான். அப்பா பற்பம் சாப்பிடவில்லை என்பது ஒன்றுதான் கோளாறு.

மறுபத்தியத்தின் நடுவில் மெலிய ஆரம்பித்தார். பத்தியம் இருந்தால் உடம்பு இளைக்கும் என்பது யாரும் அறிந்தது. அதனால் அந்த இளைப்பு யார் கண்ணையும் உறுத்தவில்லை. மாசி கழிந்து பங்குனி வெயில் ஏறியபோது கஞ்சியும் வெளியே வர ஆரம்பித்தது. பிறகு மோர். நான் அங்கேயே போய்த் தங்கிவிட்டேன். ஒரு நாள் காலையில் அவரே, "ஏளா, டாக்டரைப் பாத்து இன்னும் ஒரு வேளை மருந்து வாங்கிக்கிடுவோமா?" என்று கேட்டார். அந்தக் குரலில் பழைய அதிகாரம் இல்லை. உடனே வண்டி கட்டச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தூக்கித்தான் இறக்கினோம். அதே ஜாடி, அதே பொடி. இந்தத் தடவை ஆசையாகக் குடித்தார். பாதிக்குமேல் போகவில்லை. சாயங்காலம் எடுத்த தகட்டை டாக்டர் அப்பாவிடம் காட்டவில்லை. என்னையும் என் வீட்டுக்காரரையும் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார். சுரைக்காய் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அதன் வாயிலிருந்து நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான் வழி. வாசலை அடைத்த புற்று பரவிவிட்டதாகவும், வயிற்றைத் தொட்டாலே கட்டியாகத் தட்டுப்படுவதாகவும், இனி மயக்க மருந்தையே இந்த உடம்பு தாங்காது என்றும் சொன்னார். "காலம் கடந்துபோயிற்று, மகளே" என்றார். என்னை அவர் மகளே என்று கூப்பிட்டது அன்றுதான். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

உள்ளே அப்பா மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பினால் உபகாரமாக இருக்கும் என்றார்.  டாக்டர் ஜாடியிலிருந்து பொடி எடுத்துத் தாளில் மடித்து, பொட்டலமாகக் கட்டி அப்பாவின் கையில் கொடுத்தார். குனிந்து போர்வையைச் சரி செய்துகொண்டே, "ஐயா, இனி உமக்குப் பத்தியம் வேண்டாம். உமக்குப் பிரியமானது எதுவோ அதைப் புசியும்" என்றார்.

நல்ல மனுஷர், ஆறுதலாகச் சொன்னார். எனக்கும் அது ஆறுதலாகத்தான் பட்டது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

வண்டி ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. அறுவடையான வயல்களில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. அப்பா என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார்.

"ஏளா, வைத்தியன் எப்பம் பத்தியத்தை எடுப்பான் தெரியுமா?"

நான் அவர் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன்.

"நோய் தீந்துட்டா எடுப்பான். இல்லைன்னா, இனிமே ஆள் தேறாதுன்னா எடுப்பான். நானே நாலு வீட்டுல சொல்லிருக்கேன். 'இனிமே பத்தியம் வேண்டாம், வாய்க்குப் பிடிச்சதைக் குடுங்க'ன்னு. வீட்டு ஆளுக சந்தோசமாக் கேட்டுக்கிடுவாக. எனக்கு அவுக முகத்தைப் பாக்க முடியாது, பைய எறங்கி வந்திருவேன். இந்த டாக்டரும் என் முகத்தைப் பாக்கலை. கவனிச்சியா?"

"அப்படியெல்லாம் இல்லப்பா."

"அந்தப் பொட்டலத்தை மாப்ளைட்ட குடுத்துத் திருப்பி அனுப்பிரு. அது பாக்கதுக்கு உள்ள பொடி. இன்னொருத்தனுக்கு நேரத்துல உதவட்டும்."

அத்தனை மாசமாக அந்த வார்த்தையைத்தான் அவர் வாயிலிருந்து வரவழைக்க நாங்கள் மல்லுக்கட்டினோம். வந்தபோது எனக்குத் தாங்கவில்லை. நெஞ்சில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"இல்லப்பா, மருந்துதான். டாக்டர் மருந்துன்னுதான் குடுத்திருக்காரு. நீங்கதான் சொன்னீங்க, நோய் இருக்க எடத்துல போயி நிக்குன்னு. ரேகை பாயுதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க! வலி குறையலையா உங்களுக்கு? மருந்துதாம்ப்பா."

நான் அழுது அரற்றினதில் வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டார். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வாதத்திலும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷர் எலும்பாய்ப் போன கையைத் தூக்கி என் கண்ணைத் துடைத்தார்.

"சரி, மருந்துதான். அழாத. வீட்டுக்குப் போயிக் கரைச்சுத் தா."

வீட்டுக்குப் போனதும் தயிரில் கரைத்துக் கொடுத்தேன். கரண்டி கரண்டியாக நான் ஊட்ட ஊட்டக் குடித்தார். உள்ளே போகாமல் வாயோரம் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினேன். "கேக்குதுளா, வலி கொஞ்சம் கேக்குது" என்றார். பொய். சித்திரை பிறப்பதற்குள் போய்விட்டார். அதுவரை தினமும் கரைத்துக் கொடுத்தேன், தினமும் எனக்காகக் குடித்தார்.